சாமான் அறைக் கப்பல்

ஸ்கந்தபுரத்தில் கடல் இல்லை. பக்கத்தில் அக்கராயன் குளம் உண்டு. ஆனால் குளத்தை ஆர் மதிக்கினம்? ஆகவே கனடாவிலிருந்து வந்த மருமகன், மாமியாரின் சாமான் அறையைக் கப்பலாக்கியது காலத்தின் தேவை.

சுவருக்கு நீலப் பெயின்ற். மண்வெட்டி தொங்கிய ஆணியில் சுக்கான் சில்லு. மருந்தடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் பற்றரியில் மினுங்கும் வெளிச்ச வீடு. விதைநெல் மூடைகள் இருட்டில் தரைதட்டக் கூடாதல்லவா? மண்வெட்டி முற்றத்தில் நனைகிறது. கப்பலில் அதற்கென்ன வேலை?

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓடியது. பாவம், அதில் இருந்தது உண்மையான நங்கூரம்.

"எப்பிடி மாமி?"

"வடிவாத்தான் இருக்கு தம்பி. உர பாக்கை எங்கை வைக்கிறது?"

"அது சரக்கு. கீழ்த்தளத்திலை வையுங்கோ."

கீழ்த்தளம் என்றால் மாமியின் கட்டிலுக்கு அடி.

மார்கழியில் மழை விடாமல் கொட்டியது. கடல் தானாகவே அறைக்குள் வந்தது, முழங்கால் அளவுக்கு. பிளாஸ்டிக் நங்கூரம் மிதந்து வாசலால் வெளிக்கிட்டது. சீமெந்தில் வார்த்த உயிர்காப்பு வளையம் நேரே அடியில் போய்க் குந்தியது.

அடுத்த முறை குசினியாம். பாலைவனம் மாதிரி.