வெள்ளைப் படகே, உன் பெருமை பெரிது

வெள்ளைப் படகே, தைப்பிங் வட்டாரத்தில் உன்னைப் போல் கண்ணைப் பறிக்கும் படகை நான் கண்டதில்லை. குவாலா செபெத்தாங் கொட்டகையில் உன் பக்கத்தில் நிற்கும் சாம்பல் நிற அலுமினியப் படகைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. 1885-இல் தைப்பிங்கிலிருந்து ரயில் வந்து சேர்ந்த போர்ட் வெல்ட் இந்த ஊர்தான். தமிழிலும் பெயர் எழுதிய அந்த நிலையப் பலகைக்கு முன்னால் உன்னை நிறுத்திப் படம் எடுத்தால் எங்கள் குடும்பத்துக்கே கௌரவம்.

உன் பக்கச் சுவரின் பணிவை என்னவென்று சொல்வேன்! முழங்கால் உயரம்கூட இல்லை. தண்ணீருக்கும் ஐந்து வயதுப் பேத்திக்கும் நடுவே நீ எந்தத் தடையும் வைக்கவில்லை. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நனைக்கலாம். இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் தலையையும் நனைக்கலாம்.

எஞ்சினோ நாற்பது குதிரைச் சக்தி. அந்தக் கனம் பின்னால் அழுத்த, முடுக்கியதும் உன் மூக்கு மேலே எழும். ஓட்டுகிறவன் கண்ணுக்கு எதிரே வரும் மீன்பிடிப் படகு தெரியாது, மேகம் தெரியும். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற தைப்பிங் ஊர்க்காரர்களுக்கு மேகம் பார்ப்பது நல்லதுதானே. வேகத்தைச் சட்டென்று குறைத்தால், நீ கிளப்பிய அலையே பின்னால் ஓடிவந்து பின்பலகையைத் தாண்டி உள்ளே ஏறும். பிரியவே மனமில்லாத அலை!

ஓட்டுகிறவன் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற சிவப்புக் கயிறு உன்னிடம் இல்லை. அவன் விழுந்தாலும் நீ பயணத்தை நிறுத்த மாட்டாய். எடுத்த காரியத்தில் அத்தனை உறுதி.

தட்டையான அடிப்பாகம் உனக்கு. ஈயம் தோண்டிய குழியில் தேங்கிய எங்கள் ஏரிப் பூங்காத் தண்ணீரைப் போல் அசையாத நீரில் நீ கூடத்துத் தரை மாதிரி நிற்பாய். மாத்தாங் அலையாத்திக் காட்டின் கால்வாய்களுக்குள்ளும் அப்படித்தான். ஆற்று முகத்துவாரத்தில் காற்று எழுந்ததும் உன் வள்ளல் குணம் வெளிப்படும்: ஒவ்வோர் அலையையும் நீ வாங்கி, எழுபது வயது அம்மாவின் முதுகுக்கு அப்படியே கொடுத்துவிடுவாய்.

சாம்பல் படகின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து குதிரைச் சக்தி, நிதானமாகத்தான் போகும். அடிப்பாகம் கூர்மை, அதனால் நிற்கும்போது ஆடும். அலை வந்தால் கிழித்துக்கொண்டு போய்விடும், துள்ளல் சுகம் கிடைக்காது. பக்கச் சுவர் பேத்தியின் நெஞ்சு வரை வந்து அவளை மறித்துவிடுகிறது. இருக்கைகளுக்கு அடியில் நுரை அடைத்திருக்கிறார்கள். தண்ணீர் நிறைந்தாலும் அதற்கு முழுகத் தெரியாது.

அதைத்தான் வாங்கினேன், கால்களுக்கு இடையே வார் கட்டும் உயிர்காப்புச் சட்டையைப் பேத்திக்கு முதலில் வாங்கிய பிறகு. அவளை வைத்து நான் பரீட்சை பார்க்க மாட்டேன். வெள்ளைப் படகே, நீ இந்தக் கொட்டகையிலேயே இரு. இந்தச் சிமெண்டுத் தரைமேல் எத்தனை பிள்ளைகள் உன்மேல் ஏறி விளையாடினாலும் எனக்குப் பயமே இல்லை.