கெர்னலின் ‘தயவுசெய்து’

2008-இல் உபுண்டு 8.04 என்ற லினக்ஸை நிறுவியவர்களில், கணினி எழும்போது அதன் மையமான கெர்னல் எழுதும் பதிவைப் படிக்கும் கெட்ட பழக்கம் உள்ளவர்கள் ஒரு வரியில் திடுக்கிட்டிருப்பார்கள்: ‘எஸ்டி’ டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும், தயவுசெய்து பஸ்டைப் மெத்தடுகளைப் பயன்படுத்துங்கள். எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்கைக் கவனிக்கிற டிரைவர். குடும்பப் படமெல்லாம் அதில்தான் இருக்கும், பயம் வராதா?

உள்ளே நடந்தது அதிகாரத் தகராறு. ஒரு கருவியைச் சேர்க்க, கழற்ற, நிறுத்த, கருவிகள் இணையும் தடமான பஸ்ஸும் ஃபங்ஷன் (பஸ்டைப் மெத்தடு என்பது இதுதான்) வைத்துக்கொள்ளலாம், டிரைவரும் வைத்துக்கொள்ளலாம். ஒரே வேலைக்கு இரண்டு பேரும் வைத்திருந்தால், டிரைவரைப் பதிவு செய்யும்போது கெர்னல் முணுமுணுக்கும். அதற்காகப் பதிவை மறுக்காது. அதே பஸ்ஸில் ஏற்கெனவே உள்ள பெயரில் இன்னொரு டிரைவர் வந்தால் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பும். மற்றபடி, முறைகேடு என்று எழுதிவிட்டு முத்திரையும் குத்திக் கொடுக்கும்.

வேடிக்கை அதுவல்ல. அந்த ‘தயவுசெய்து’ டிரைவர் எழுதியவருக்கு. படித்ததோ, படம் பார்க்க உட்கார்ந்தவர். சமையல்காரரிடம் சொல்ல வேண்டியதைப் பந்தியில் இருப்பவரிடம் சொன்ன கதைதான்.

திருத்தம் என்று பார்த்தால் சில வரிகள்: இருவரில் ஒருவர் ஃபங்ஷனை விட்டுக்கொடுத்தால் போதும். எச்சரிக்கை வரியையே அழித்துவிடும் குறுக்குவழியும் உண்டு. பதிவு பளிச்சென்று இருக்கும், தகராறு அப்படியே இருக்கும். பழைய கணினியில் இந்த வரி இன்னும் கண்ணில் பட்டால், டிஸ்க்கை மாற்றக் கடைக்கு ஓடாதீர்கள். இந்த வரிக்கும் டிஸ்க்கின் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தமில்லை.