நின்றதும் மீண்டதும்: பழைய அம்பாசடர் நோய்க்கூறு குறித்து ஓர் ஆய்வு

ஓடிக்கொண்டிருக்கும் பழைய அம்பாசடர் நடுரோட்டில் நின்றுபோனால் அதைச் சுற்றிக் கூடும் அறிஞர் பெருமக்களை இரு மரபினராகப் பிரிக்கலாம். ‘கரண்டு வரல’ என்பார் ஒரு சாரார். ‘பெட்ரோல் ஏறல’ என்பார் மறு சாரார். முன்னவர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுவர். பின்னவர் கார்பரேட்டரைத் தட்டுவர். இவ்வாறு அரை மணி நேரம் வாதம் நிகழ்ந்தபின், யாரோ சும்மா சாவியைத் திருப்ப, வண்டி கிளம்பிவிடும். கடைசியாக எதைத் தொட்டார்களோ அதுவே நோய் என்றும், தொட்டவரே மருத்துவர் என்றும் அன்றைய தினம் முடிவாகும். இம்முடிவு செல்லாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. நோயைக் காட்டிக்கொடுப்பது வண்டி நின்ற விதத்தைக் காட்டிலும் அது மீண்ட விதமே. அந்த மீட்சியோ, கூட்டத்தின் கை பட்ட கணத்திலேயே சாட்சியாகும் தகுதியை இழந்துவிடுகிறது.

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுப்போம். மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழித்தோன்றலாக 1950களின் இறுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்து, 2014 வரை உற்பத்தியான அம்பாசடரில், 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் பூட்டியவை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. (டீசல் அம்பாசடருக்குப் பிளக் கிடையாது, ஆகவே அதன் முன் கரண்டுக் கட்சியார் வாய் திறக்க வழியில்லை, விவாதமும் சுவைப்படாது.) ஓடிச் சூடான பின் இவ்வண்டி நின்று, பிறகு தானே மீள்வதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். இக்னிஷன் காயில் சூடேறி உள்ளே இன்சுலேஷன் தளர, தீப்பொறி சோர்ந்துபோவது ஒன்று. பெட்ரோல் பைப்பிலும் பம்பிலும் பெட்ரோல் கொதித்து ஆவியாகி அடைத்துக்கொள்ளும் வேப்பர் லாக் இன்னொன்று. டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டு, டாங்கினுள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுத்தும் பெட்ரோல் வர மறுப்பது மூன்றாவது. மூன்றும் வேறு வேறு நோய்கள். ஆயினும் மூன்றுக்கும் பொதுவான ஒரு மருந்து உண்டு: சும்மா இருத்தல். காயில் ஆறினால் பொறி வரும். ஆவி குளிர்ந்தால் பெட்ரோலாகும். மூடியிடுக்கில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனால் டாங்க் மூச்சுவிடும். இந்த இடைவெளியில் ஒருவர் பிளக்கைத் துடைத்தாலும், ஒருவர் டயரை உதைத்தாலும், ஒருவர் எலுமிச்சம்பழம் சுற்றினாலும் பலன் ஒன்றே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் காகதாலீய நியாயம் என்று தர்க்க நூலார் வகுத்துவைத்திருக்கிறார்கள். அந்த நியாயத்துக்குப் பானெட் திறந்த அம்பாசடரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

‘அற்றன்று, பம்பின் மேல் ஈரத்துணி போட்டதும் வண்டி கிளம்புவதைக் கண்ணாரக் கண்டோமே’ என்பாரும் உளர். அவர் கூற்றைப் புறந்தள்ள இயலாது. சாதாரணப் பெட்ரோலில் மெல்லிய பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். பம்போ என்ஜினின் உடம்போடு ஒட்டி உட்கார்ந்து அதன் சூட்டை வாங்குகிறது. எத்தனால் 10 சதவீதம் கலந்த பெட்ரோல் இன்னும் எளிதில் ஆவியாகும். கத்திரி வெயிலில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிற வண்டிக்கோ, என்ஜின் கொதிப்பும் உண்டு, உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால் கொதிநிலை இறங்குவதும் உண்டு. ஆகவே ஈரத்துணி மெய்யான மருத்துவம்தான். ஆனால் துணி போட்டு இருபது நிமிடம் கழித்துக் கிளம்பினால், கிளப்பியது துணியா இருபது நிமிடமா? இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. என்ஜின் நின்றால் பெல்ட்டில் சுழலும் ஃபேனும் நிற்கும், ரேடியேட்டர் தண்ணீர் ஓட்டமும் நிற்கும். ஆதலால் முதல் சில நிமிடங்கள் பானெட்டுக்குள் சூடு ஏறவே செய்யும். வேப்பர் லாக் கண்ட வண்டி உடனே மீளாமல், மோசமாகிப் பின் தேறுவதே இயல்பு. துணி போட்ட இரண்டு மூன்று நிமிடத்தில் கிளம்பினால்தான் துணிக்குப் பெருமை. அதே துணியைக் காயிலின் மேல் போட்டு அதே வேகத்தில் கிளம்பினால், பெட்ரோல் கட்சியார் மறு பேச்சில்லாமல் வீட்டுக்குப் போகலாம்.

‘நின்ற விதமே போதுமே, கரண்டு போனால் சட்டென்று அடங்கும், பெட்ரோல் போனால் இழுத்து இழுத்துத் திணறி அடங்கும்’ என்பது அடுத்த தடை. இது பாதி உண்மை. காயில் வயர் லூசாகி விட்டு விட்டுத் தொட்டாலும் வண்டி இழுத்து இழுத்துத்தான் போகும். மேலும் இவ்விஷயத்தில் ஒரே சாட்சி டிரைவர். பின் சீட்டில் அமர்ந்தவர் அப்போது தூக்கத்தில் இருந்திருப்பார். ஒர்க் ஷாப் போய்ச் சேர்வதற்குள் அச்சாட்சியமும் ‘திடீர்னு ஆஃப் ஆயிடுச்சு’ என்ற ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிடும். மெக்கானிக் முன் நிற்பதோ நோயில்லாத வண்டி. இன்ஜெக்ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் கோளாறைக் குறித்துவைத்துக்கொள்ளும். அம்பாசடருக்கு அந்த நினைவாற்றல் இல்லை. ஆகவே சோதனையை நோய் இருக்கும்போதே செய்தாக வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் காயில் வயரைப் பிடுங்கி, இன்சுலேஷன் உள்ள பகுதியைப் பிடித்து, அதன் முனையை என்ஜின் இரும்புக்குச் சிறிது தள்ளி வைத்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் நீலப் பொறி பாய வேண்டும். பாய்ந்தால் காயில் நிரபராதி. கார்பரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுச் சுழற்றினால் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். இவ்விரண்டு சோதனைகளையும் ஒரே நேரத்தில் செய்வது இரு கட்சிக்கும் ஆகாது என்று சொல்லத் தேவையில்லை. பாட்டில் பிடிப்பவர் வாயில் பீடி இருக்கலாகாது என்று மட்டும் சொல்லத் தேவையுண்டு. நின்ற வண்டியில் சாவியை ஆனிலேயே விட்டுவிட்டுப் பானெட்டைத் திறப்பவர்களையும் இங்கே கண்டிக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயிலில் கரண்டு பாய்ந்துகொண்டே இருக்கும். ஆராய்ச்சி தொடங்கும் முன்பே ஆராயப்படும் பொருளைச் சுடவைப்பது எந்த மரபிலும் ஏற்கத்தக்கதன்று.

மூன்றாவது காரணமாகிய டாங்க் மூடிக்கு எக்கட்சியும் இல்லை. வண்டியின் மறுகோடியில் இருப்பதால் பானெட்டைச் சூழ்ந்தவர் கண்ணில் அது படுவதே இல்லை. ஆனால் மீட்சியை வைத்து நோக்கினால் மூன்றில் மிகத் தெளிவான குறி இதற்கே உண்டு. மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும், ஆறவைக்காமலே வண்டி கிளம்பும். இந்நோய் டாங்க் நிறைந்திருக்கும்போது சீக்கிரம் வரும் என்பது கவனிக்கத்தக்கது. உள்ளே காற்றுக்கு இடம் குறைவாக இருந்தால், கொஞ்சம் பெட்ரோல் வெளியேறினாலும் அழுத்தம் வெகுவாக இறங்கும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பாயில் கண்ட விதி. விளைவு, டாங்கை நிரப்பிக்கொண்டு புறப்பட்ட வண்டி சில மைல்களில் நிற்கும். உரிமையாளர் பங்க்காரரின் மேல் கலப்படப் பழி போடுவார். இப்படிப் பழி சுமந்த பங்க்குகள் எத்தனையோ.

‘இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, காயில், கண்டன்சர், பிளக், பம்ப் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் தீர்ந்தது’ என்பது இறுதித் தடை. செலவு செய்யக்கூடியவர் செய்யலாம். எது நோய் என்பது மட்டும் கடைசி வரை தெரியாது. புதுப் பொருளும் சூடானால் கெடக்கூடியதே என்பதால், அடுத்த தடவை நிற்கும்போது அதே பட்டியலை முதலிலிருந்து தொடங்க நேரும். அந்தப் பட்டியலிலும் டாங்க் மூடி இருக்காது. எனவே பழைய அம்பாசடர் வைத்திருப்போர் வண்டி நின்றதும் சாவியை ஆஃப் செய்துவிட்டு, பானெட்டுக்குப் போகாமல் பின்பக்கம் போய் முதலில் டாங்க் மூடியைத் திறந்து பார்க்கவும். அதற்கு ஸ்பேனரும் வேண்டாம், மெக்கானிக்கும் வேண்டாம்.