டீலர் பிழையியல்: ஓர் அறிமுக ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

போக்கர் ஆடுகிறவரின் மூளையைப் பற்றி நூல்கள் உண்டு. அவருடைய முகத்தைப் பற்றியும் உண்டு. கண்ணை மறைக்க அவர் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடி நியாயமா என்றுகூட விவாதம் நடந்திருக்கிறது. ஆனால் அதே மேசையில் உட்கார்ந்து சீட்டுப் போடும் டீலரின் கை தவறுவதைப் பற்றிய துறை தமிழ் ஆய்வுலகில் தரிசாகவே கிடக்கிறது. இக்கட்டுரை அந்தக் குறையைத் தீர்க்க முனைகிறது. அது தீர்த்தே ஆகவேண்டிய குறைதானா என்ற கேள்வியை ஆய்வு நெறி கருதி ஒதுக்கி வைக்கிறது.

டீலர் என்பவர் சூதாட்ட விடுதியின் ஊழியர். ஆட்டத்தில் அவருக்குச் சீட்டும் கிடையாது, பந்தயமும் கிடையாது, வெற்றி தோல்வியும் கிடையாது. அவருடைய தொழில்கள் ஏழு: கலைத்தல், வெட்டல், பங்கிடல், எண்ணல், அறிவித்தல், தோற்ற சீட்டை அள்ளல், வென்றவர் பக்கம் சில்லைத் தள்ளல். ஏழிலும் தவறு செய்ய இடமுண்டு என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. இரண்டாவது கண்டுபிடிப்பு, அந்தத் தவறு யார் தலையில் விடிகிறது என்பது பற்றியது. அது முடிவில் வரும்.

2. கலைத்தல் பிழை

52 சீட்டை அடுக்கக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கை 68 இலக்கம் கொண்டது. அந்தக் கடலில் எந்தத் துளி வரும் என்று யாருக்கும் தெரியக்கூடாது. டீலருக்குத் தரப்பட்ட வேலை அதுதான். முதலில் சீட்டுகளை மேசைமேல் கவிழ்த்துப் பரப்பி இரு உள்ளங்கையாலும் அளைகிறார். பிறகு கட்டை இரண்டாகப் பிரித்து, கட்டைவிரலால் சரசரவென உதிர்த்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கோக்கிறார். மறுபடியும் கோக்கிறார். சிறு சிறு கொத்தாகப் பெயர்த்து இடம் மாற்றுகிறார். இன்னொரு முறை கோத்துவிட்டு வெட்டுகிறார். இப்படி மூன்று கோப்பு என்பது பல விடுதிகளின் வழக்கம். டேவ் பேயர், பெர்சி டயாகோனிஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் 1992இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வோ, கட்டு ஒழுங்காகக் கலைய ஏழு கோப்பு வேண்டும் என்றது. மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவே உள்ள நாலை அளைதலும் பெயர்த்தலும் ஈடுகட்டுகின்றன என்று நம்பித்தான் மேசைகள் ஓடுகின்றன.

மனிதக் கையை நம்பாமல் கணினியிடம் கொடுத்தால் பிழை ஒழியுமே என்று ஆய்வாளர் கேட்கலாம். கேட்டார்கள். 1999இல் இணையப் போக்கர் தளங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த ஏஎஸ்எஃப் நிறுவனம், தன் கலைத்தல் எவ்வளவு நேர்மையானது என்று ஊருக்குக் காட்ட, அதன் நிரலையே பகிரங்கமாக வெளியிட்டது. வேறொரு நிறுவனத்தின் நிரலாளர்கள் அதை எடுத்துப் படித்தார்கள். ஒன்றைக் கூட்டிக் குறைத்ததில் வந்த பள்ளிக்கூடப் பிழையால், கட்டின் கடைசிச் சீட்டு கடைசி இடத்திலேயே தங்க வழியில்லாமல் போயிருந்தது. அது சின்னது. பெரியது என்னவென்றால், கலைத்தல் முழுவதும் நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி விநாடி கழிந்தது என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நடந்தது. ஒரு நாளில் மில்லி விநாடிகள் 8 கோடியே 64 லட்சம்தான். 68 இலக்கக் கடல் ஒரு குளமாக வற்றிவிட்டது. தளத்தின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்துவைத்ததும் அது ஏறக்குறைய 2 லட்சமாகச் சுருங்கியது. கையில் இரண்டு சீட்டு, மேசையில் மூன்று சீட்டு தெரிந்தால் போதும், மற்ற எல்லோர் கையும் திரையில் தெரிந்தது. நேர்மையை நிரூபிக்கப் போய் மாட்டிக்கொண்ட டீலர் என்ற வகையில் இந்த மென்பொருள் இத்துறையில் தனி இடம் பெறுகிறது.

3. எண்ணல் பிழை

டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்தில் டீலர் மேசை நடுவே முதலில் விரிக்க வேண்டியவை மூன்று சீட்டு. இதற்கு ஃப்ளாப் என்று பெயர். மூன்று வரை எண்ணத் தெரிந்தவர்களைத்தான் விடுதிகள் வேலைக்கு எடுக்கின்றன. இருந்தும் ஒட்டிக்கொண்ட நான்காவது சீட்டு ஒன்று அவ்வப்போது சேர்ந்து வந்துவிடுகிறது.

2001இல் தொடங்கிய போட்டி இயக்குநர்கள் சங்கம் இதற்கென்றே ஒரு விதி வகுத்திருக்கிறது. டீலர் கையைத் தூக்கி மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும். நான்கு சீட்டையும் கவிழ்த்து மேசைமேல் அளைய வேண்டும். மேற்பார்வையாளர் அதில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல எடுப்பார். அது அடுத்த சுற்றுக்கு முன் ஒதுக்கும் சீட்டாகும். மிச்சம் மூன்றும் ஃப்ளாப். ஆளுக்கொரு சீட்டைப் பார்த்து மனக்கோட்டை கட்டியவர்கள் அந்தச் சில விநாடிகளில் மேற்பார்வையாளரின் விரல்களைப் பார்க்கும் பார்வை, பரீட்சை முடிவு ஒட்டுகிற பியூனைப் பார்க்கும் பார்வை.

நான்காம் சீட்டை அவசரப்பட்டு முன்னதாகவே திருப்பிவிட்டால் அதற்கு வேறு பரிகாரம். அதை ஓரம் வைத்து, ஐந்தாவதாக வரவேண்டியதை நான்காவதாக விரித்து, ஓரம் வைத்ததை மீதிக் கட்டோடு கலைத்து, அதிலிருந்து ஐந்தாவதைப் போட வேண்டும். பிராயச்சித்தங்கள் இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டிருப்பதிலிருந்தே பாவங்கள் எவ்வளவு சகஜம் என்பது பெறப்படும்.

4. அள்ளல் பிழை

2009இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். பிரான்சின் தொலைக்காட்சித் தொகுப்பாளர் எஸ்டெல் டெனிஸ் ஆடிக்கொண்டிருக்கிறார். அவர் கையில் இரண்டு ஆஸ். இந்த ஆட்டத்தில் அதைவிட உயர்ந்த தொடக்கம் இல்லை. சராசரியாக 221 கைக்கு ஒருமுறைதான் வரும். டீலரின் கை நீண்டது. இரண்டு ஆஸையும் தோற்ற சீட்டுகளோடு அள்ளிக்கொண்டு திரும்பியது.

விதி என்ன சொல்கிறது? தன் சீட்டைக் காப்பது ஆடுபவர் கடமை. டீலர் தவறுதலாக அள்ளிவிட்டால் பரிகாரம் இல்லை. எதிராளி ஏற்றுக்கொண்ட பந்தயம் போனது போனதுதான். யாரும் ஏற்காத கூடுதல் தொகை மட்டும் திரும்ப வரும். வெற்றி பெறும் கை என்று எல்லோரும் பார்க்கும்படி மேசைமேல் முறையாகத் திருப்பி வைத்துவிட்ட சீட்டை மட்டும் டீலர் சாகடிக்க முடியாது.

2004இல் இதே பட்டத்தை வென்ற கிரெக் ரேமர் தன் சீட்டின்மேல் எப்போதும் ஒரு புதைபடிவத்தை வைத்துக்கொள்வார். பல கோடி ஆண்டு பழைய கல் ஒன்று, டீலரின் கைக்கு எதிரான காவல்.

5. அறிவித்தல் பிழை

2019, அதே தொடர், அதே முதன்மைப் போட்டி, கடைசிக் கட்டம். இங்கிலாந்தின் நிக் மார்ச்சிங்டன் தன்னிடம் இருந்த எல்லாச் சில்லையும் முன்னே தள்ளினார். எவ்வளவு என்று இத்தாலியின் தாரியோ சம்மார்தினோ கேட்டார். டீலர் எண்ணி 1 கோடியே 72 லட்சம் என்றார். சம்மார்தினோ ஏற்றார். மறுபடி எண்ணிப் பார்த்தால் 2 கோடியே 22 லட்சம். ஐம்பது லட்சம் சில்லு டீலரின் கண்ணுக்குத் தப்பியிருந்தது.

சம்மார்தினோ முறையிட்டார். போட்டியை நடத்தியவர்களில் முதன்மையானவரான ஜாக் எஃபல் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: முழுத் தொகையும் கட்ட வேண்டும். யார் எவ்வளவு என்று சொன்னாலும், ஏற்பதற்கு முன் சரியான தொகையைக் கண்டறிவது ஏற்பவர் பொறுப்பு என்பது விதி. அதாவது டீலரிடம் கேட்கலாம், டீலர் சொல்லலாம், நம்பினால் நம்பியவர் பாடு. அந்தக் கையில் சம்மார்தினோ தோற்றார். ஆனாலும் விடாமல் ஆடி இரண்டாம் இடம் பிடித்து 60 லட்சம் டாலரோடு போனார். முதல் பரிசு ஒரு கோடி.

6. உபசாரப் பிழை

இது போக்கர் மேசையைத் தாண்டிப் பக்காரா என்ற வேறொரு சீட்டாட்டத்தின் மேசைக்குப் போனாலும் நாயகர் போக்கர் உலகின் ஃபில் ஐவி என்பதால் ஆய்வெல்லைக்குள் சேர்க்கப்படுகிறது. 2012இல் அவரும் செங் யின் சன் என்ற பெண்மணியும் அட்லாண்டிக் சிட்டியின் போர்காட்டா விடுதியில் ஆடினார்கள். சீட்டுகளின் பின்பக்க அச்சு ஓரங்களில் மயிரிழை அளவு ஒரே மாதிரி இல்லை. நல்ல சீட்டு வந்தால் அதிர்ஷ்டத்துக்காக அதைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள் என்று டீலரிடம் சன் கேட்டுக்கொண்டார். பெரிய இடத்து விருந்தாளி ஆயிற்றே என்று டீலரும் திருப்பி வைத்தார். பிறகு கவிழ்ந்த சீட்டிலேயே நல்லது கெட்டது தெரிந்தது. நான்கு வருகையில் 96 லட்சம் டாலர். அதே ஆண்டு லண்டனின் கிராக்ஃபோர்ட்ஸ் விடுதியில் அதே உபசாரம், 77 லட்சம் பவுண்டு.

இதற்கு இணையான இன்னொரு தரவும் 2012ஐச் சேர்ந்தது. ஊரும் அட்லாண்டிக் சிட்டியே. ஆலையிலேயே கலைத்து அனுப்பப்பட்டதாகச் சொல்லப்பட்ட சீட்டுகளைக் கோல்டன் நகட் விடுதி பக்காரா மேசையில் இறக்கியது. ஆலை கலைக்கவே இல்லை. ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தது. மேசையில் இருந்த 14 பேர் இதைக் கண்டுகொண்டு 10 டாலர் பந்தயத்தை 5,000 ஆக ஏற்றினார்கள். தொடர்ந்து 41 கை வென்று 15 லட்சம் டாலருக்கு மேல் குவித்தார்கள். பார்த்துக்கொண்டே சீட்டுப் போட்டது டீலர்.

7. முடிபு

தரவுகளை எதிரெதிரே வைத்தால் பிழையியலின் அடிப்படை விதி தானே வெளிப்படுகிறது. டீலரின் பிழையால் ஆடுபவர் இழந்தால் அது ஆடுபவரின் கவனக்குறைவு. டெனிஸின் ஆஸும் சம்மார்தினோவின் ஐம்பது லட்சமும் இந்த வகை. டீலரின் பிழையால் விடுதி இழந்தால் அது வழக்கு. கோல்டன் நகட்டில் வென்றவர்கள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2015இல் தீர்ப்பானது. கலைக்காத சீட்டில் ஆடியது சட்டப்படி ஆட்டமே அல்ல என்பது காரணம். போர்காட்டாவுக்கு ஐவி ஒரு கோடி டாலருக்கு மேல் தரவேண்டும் என்று 2016இல் தீர்ப்பு வந்தது, 2020இல் சமரசமானது. கிராக்ஃபோர்ட்ஸ் பணத்தைத் தரவே இல்லை. 2017இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதுவே சரி என்றது.

ஆகவே ஆய்வின் பரிந்துரைகள் மூன்று. சீட்டின்மேல் கனமாக எதையாவது வைக்கவும். புதைபடிவம் கிடைக்காதவர்கள் ஒரு சில்லை வைக்கலாம். எதிராளி தள்ளிய தொகையைக் கேட்டு நம்பாமல், கண்ணால் எண்ணிவிட்டு வாயைத் திறக்கவும். டீலரின் பிழையால் தொடர்ந்து ஜெயிக்கத் தொடங்கினால், வாசகர்களே, முதலில் ஒரு நல்ல வக்கீலைப் பார்க்கவும்.