தோலைக் கொடுத்துத் தேடியவர்கள்

கே: மீனைத் தொடாமலே மீன் அலர்ஜி வருமா?

ப: ஊசியில் வந்திருக்கிறது, 1921-இல்! அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற மருத்துவருக்கு வேகவைத்த மீன் ஆகவே ஆகாது. அவருடைய சக ஆய்வாளர் கார்ல் பிரௌஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் ரத்தத்தின் சீரத்தைத் தன் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாறு. சாப்பிடாதவர் தோல் தடித்துச் சிவந்தது! ரத்தத்தில் ஏதோ ஒன்றுதான் இந்த வேலையைச் செய்கிறது என்பதற்கு அந்தத் தடிப்பே சாட்சி.

கே: கணவனுக்கும் மனைவிக்கும் ஒவ்வாமை என்றால்?

ப: சேர்ந்து ஆராயலாமே! அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, டெருகோ இஷிசாகா தம்பதி அதைத்தான் செய்தார்கள். பிரௌஸ்னிட்ஸ் தேடிய அந்த 'ஏதோ ஒன்றை' 1966-இல் பிடித்தார்கள்: இம்யூனோகுளோபுலின்-ஈ என்ற ஆன்டிபாடி. ஆரோக்கியமானவர் ரத்தத்தில் அது, சாதாரண ஆன்டிபாடியான ஐஜிஜி-யில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அன்றைய கருவிகளுக்குத் தட்டுப்படவில்லை, தோலுக்குத் தட்டுப்பட்டது. அதனால் தங்கள் தோலிலேயே ஊசி குத்திப் பார்த்தார்கள். ஸ்வீடனின் உப்சாலாவில் ஜோஹான்சன், பென்னிச் இருவரும் தனியாக அதே பொருளைக் கண்டார்கள். 1968-இல் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டத்தில் இரண்டும் ஒன்றே என்று உறுதியாகி, அந்தப் பெயர் நிலைத்தது.

கே: இதனால் ஆஸ்துமாக்காரருக்கு என்ன லாபம்?

ப: எதிரியின் முகவரி! அதை வைத்துத்தான் ஒமாலிசுமாப் ஊசி இம்யூனோகுளோபுலின்-ஈயைத் தேடிப்போய்ப் பிடிக்கிறது. அலர்ஜியால் வரும் ஆஸ்துமாவுக்கு அமெரிக்கா 2003-இல் அதற்கு அனுமதி தந்தது. இன்ஹேலருக்கும் அடங்காத இளைப்புக்காரர்கள் பலர் இன்று அந்த ஊசியால் இரவில் தூங்குகிறார்கள்.