ஒழுங்கையில் அரை அடி

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பற்றி யாராவது வாயைத் திறந்தால் நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி எங்கள் வழமைகளை எழுத்தில் தொகுத்ததிலிருந்து தொடங்குவேன். காணியை விற்க நினைப்பவர் முதலில் பங்குகாரருக்கும் உரித்தாளிகளுக்கும் சொல்லியாக வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால்தான் பிறத்தியாருக்குக் கொடுக்கலாம். இந்த முற்கொள்வனவு உரிமைக்கு 1947இல் தனிச் சட்டமே வந்தது. 'எனது காணி' என்பதற்குள் எப்போதும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று முடிப்பேன். ஆட்கள் தலையாட்டுவார்கள்.

பேசுவதற்கு எனக்குத் தகுதியும் உண்டு. 1990 ஜூனில் போருக்குப் பயந்து வலிகாமம் வடக்கை விட்டு ஓடியவர்களில் நானும் ஒருவன். அங்கே 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை அந்த வருடத்தோடு நின்றது. ஊர் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. போர் முடிந்த பிறகு, 2013 ஏப்ரலில், அங்கே 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அரசாங்கம் அறிவித்தல் ஒட்டியது. உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம்! நாங்கள் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் உறுதிகளைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இருந்தோம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நீதிமன்றம் போனார்கள். ஒருவனின் நிலத்தில் ஒரு அங்குலத்தையும் கேளாமல் தொடக்கூடாது என்று நான் தொண்டை கிழியக் கத்தியது அப்போதுதான்.

பிறகு ஒருநாள் என் காணியை இராணுவம் விட்டது. கதியாலும் இல்லை, வேலியும் இல்லை, எல்லாம் பற்றை. சேவையர் வந்து பழைய படத்தைப் பார்த்து அளந்து நாலு மூலைக்கும் கல்லுப் போட்டார். மதில் கட்ட வந்த மேசன், "ஐயா, ஒழுங்கைப் பக்கம் அரை அடி அரக்கினா மதில் நேரா வரும்" என்றார். எனக்குக் கட்டிடக் கலையில் அறிவில்லை. "உங்களுக்குத் தெரியாததே" என்று சொல்லிவிட்டு அவருக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனேன். திரும்பி வரும்போது கல்லு மதிலுக்கு உள்ளே கிடந்தது.

முதன்முதலில் ஒரு துண்டு நிலத்துக்கு வேலி போட்ட மனிதனைப் பற்றி ரூசோ 1755இல் கடுமையாக எழுதினார். சமூக ஒப்பந்தம் பற்றிய அவரது புத்தகம் 1762இல் வந்தது. இரண்டையும் நான் மேடையில் பேசியிருக்கிறேன். மேடைக்கும் என் ஒழுங்கைக்கும் நல்ல தூரம்.

பக்கத்துக் காணிக்காரர் கனடாவில். "அண்ணை, வளவை ஒருக்கா பாத்துக்கொள்ளுங்கோ" என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். பார்த்துக்கொள்கிறேன். அவருடைய மரத்து மாங்காய் எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் வீட்டுச் சிரட்டையும் குப்பையும் அவருடைய வளவுக்குப் போகும். டெங்குப் பரிசோதனைக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்தச் சிரட்டைகளில் தேங்கிய தண்ணீரைக் காட்டிக் கேட்டபோது, "வெளிநாட்டில இருக்கிறவைக்கு எங்க பொறுப்பு?" என்று பெருமூச்சு விட்டேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

பங்குக் கிணற்று மோட்டர் பழுதானால் என் பங்குக் காசு கடைசியாகத்தான் வரும். சிரமதானத்துக்குப் போவேன், படம் எடுப்பதற்கு ஆள் வேண்டும்தானே.

இவற்றையெல்லாம் விழுங்கிவிட்டேன். விழுங்க முடியாமல் நிற்பது பவுசர். கோடையில் கிணறுகள் உவர்த்துப்போக, தண்ணீர்ப் பவுசர் வரத் தொடங்கியது. என் மதில் மூலையில் அதால் திரும்ப முடியவில்லை. அங்கேயே நின்றது. உள்ளே இருக்கும் ஏழெட்டு வீட்டார், எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆச்சி உட்பட, வாளியோடு என் வாசலுக்கு வந்தார்கள். சாரதி சலித்துக்கொண்டார்: "ஆமிக்காரங்கள் றோட்டைக் கெடுத்துப்போட்டாங்கள்." எனக்கு மறுக்க வாய் வரவில்லை. வாசலில் பவுசர் நிற்பதால் முதல் வாளி என்னுடையது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆச்சியின் வாளியை ஒருநாள் தூக்கிக் கொடுத்தேன். "நீ நல்லா இருக்கவேணும் தம்பி" என்றா.

மதிலை இடிக்க மேசனிடம் விலை கேட்டேன். கட்டியதைவிடக் கூடச் சொல்கிறார், நானும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். என்னை நம்பி இருக்க வேண்டாம். ஒழுங்கைக்காரர் எவராவது பிரதேச சபைக்கு ஒரு முறைப்பாடு எழுதுங்கள். சேவையரின் படப் பிரதி என்னிடம் இருக்கிறது, தருகிறேன்.