பூனைக்குட்டியா குரங்குக்குட்டியா: லினக்ஸில் வலைப்பக்கத் தொகுப்பான் தேர்வு குறித்த ஓர் ஆராய்ச்சி

லினக்ஸ் நிறுவியவர்க்கு முதலில் எழுவது சொந்தமாக ஒரு வலைப்பக்கம் வேண்டும் என்னும் ஆசை. அடுத்து எழுவது, அதை எந்தச் செயலியில் எழுதுவது என்னும் ஐயம். ஐயம் எழுந்த பின் பக்கம் எழுவதில்லை என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

விண்டோஸ்காரருக்கு இவ்வையம் இருந்ததில்லை. ஃபிரண்ட்பேஜ், அதன்பின் டிரீம்வீவர் என்று விலைக்கு வாங்கியோ, வாங்கிய நண்பரிடம் வாங்கியோ உட்கார்ந்துவிட்டார். லினக்ஸ்காரருக்கோ எல்லாம் இலவசம். ஆகவே எதையும் விட்டுவைக்க மனம் வராது.

ஆதியில் சிக்கலே இல்லை. 1990இல் டிம் பெர்னர்ஸ்-லீ நெக்ஸ்ட் கணினியில் செய்த முதல் உலாவியிலேயே பக்கத்தைத் திருத்தவும் முடிந்தது. பின்வந்தோர்தாம் இரு கலைகளாகப் பிரிந்தனர். வைணவ ஆசாரியர்கள் சரணாகதியை விளக்கக் கையாண்ட உவமையே இங்கும் பொருந்தும்: பூனைக்குட்டி சும்மா இருந்தால் போதும், தாய் கவ்விக்கொண்டு போகும், குரங்குக்குட்டிதான் தாயை இறுகப் பற்ற வேண்டும்.

பூனைக்கலையார்க்கு எச்.டி.எம்.எல். தெரிய வேண்டியதில்லை, திரையில் தட்டினால் பக்கம் தானே உருவாகும். நெட்ஸ்கேப் கம்போசர், மொசில்லா கம்போசர், லின்ஸ்பயர் நிறுவனம் பொருளுதவி செய்ய டேனியல் கிளாஸ்மேன் 2005இல் 1.0 பதிப்பாக வெளியிட்ட என்வியூ, அதன் வழிவந்த கொம்போசர் என நீள்கிறது இக்குருபரம்பரை. ஒவ்வொரு தாயும் பாதித் தெரு தாண்டியதும் வாயைத் திறந்துவிட்டது என்பதே வரலாறு. கொம்போசர் 2010இல் 0.8இன் சோதனைப் பதிப்போடு நின்றது; ஒன்று என்னும் எண்ணை அது கண்டதில்லை. வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பே 1996 முதல் 2012 வரை அமாயா என்றொரு செயலியை வளர்த்தது. தரநிலைக்கு அது நன்கு ஒத்துப்போனது; மனிதர்க்கு ஒத்துப்போனதாகத் தெரியவில்லை.

எச்.டி.எம்.எல். குறிகளைத் தாமே கையால் எழுதும் குரங்குக்கலையின் மூலவர் வி.ஐ. என்னும் தொகுப்பான். பில் ஜாய் 1976இல் எழுதியது. அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ முனையத்தில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சாகியிருந்தன. அந்த முனையம் போய்விட்டது. அவ்விசைகளால் நகரும் ஆசாரம் போகவில்லை. 1991இல் பிராம் மூலனார் வெளியிட்ட விம், வி.ஐ.யின் வழித்தோன்றல். திறந்தவுடன் தட்டினால் இதில் எழுத்து விழாது, கட்டளை ஓடும். எஸ்கேப், முக்காற்புள்ளி, கியூ, வியப்புக்குறி, என்டர் என்பது வெளியேறும் மந்திரம். உபதேசம் பெறாதார் உள்ளேயே இருப்பர். இது மிகை என்பாரும் உளர். அற்றன்று, என்னை? விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற கேள்வியைப் பத்து லட்சம் முறைக்கு மேல் பார்த்துவிட்டார்கள் என்று ஸ்டேக் ஓவர்ஃப்ளோ 2017இல் அறிவித்ததாகலின்.

ஈமேக்ஸ் பிறிதொரு மடம். ரிச்சர்ட் ஸ்டால்மன் வளர்த்த இதற்குள் டெட்ரிஸ் ஆட்டம் உண்டு. உங்கள் மனக்குறையை விசாரிக்கும் டாக்டர் உண்டு. பயன்படுத்துவோரைக் கருதிச் செய்த ஏற்பாடு எனக் கொள்க.

புளூஃபிஷ், கேட், ஜீனி ஆகியன நடுநிலையாளர்க்கு. அவற்றைப் பற்றிச் சண்டையில்லாததால் ஆய்வுமில்லை.

இக்காலத்தார் வி.எஸ். கோட் ஒன்றே போதும் என்பர். ஆசாரம் பார்ப்போர் ஒப்பார். அதன் மூலநிரல் திறந்ததாயினும், மைக்ரோசாஃப்ட் கட்டித் தரும் பொதி வேறு உரிமத்தோடும் பயன்பாட்டுத் தகவல் திரட்டும் ஏற்பாட்டோடும் வருகிறது. ஆகவே அதையே சுத்தி செய்த வி.எஸ். கோடியத்தை நிறுவி, வண்ணம் மாற்றி, எழுத்துரு மாற்றி, நீட்சிகள் சேர்ப்பர். வண்ணம் கருமையா வெண்மையா என்பது தனி ஆய்வுக்குரியது.

எஞ்சியது நானோ. பல லினக்ஸ் வழங்கல்களில் கேளாமலே கிடப்பது. வெளியேறும் வழியைத் திரையின் அடியிலேயே எழுதி வைத்திருப்பதால் இதற்கு உரையாசிரியரும் இல்லை, எதிர்க்கட்சியும் இல்லை. இதைப் பயன்படுத்துவோரை நேர்காண முயன்றோம். அவர்கள் பக்கத்தை எழுதி, ஏற்றிவிட்டு, வேறு வேலையாகப் போய்விட்டமையால் சான்றாளர் எவரும் கிடைக்கவில்லை.